நகைப்பின் இலக்கு யார்?

ஒலிவாங்கியைக் கையிற் பற்றித் தனியொருவர் மேடையில் நின்று, அவையோரை இடைவிடாது சிரிக்கச் செய்யும் கலை இக்கால் நம் நகரங்களிற் பெருகி வருகின்றது. சிரிப்பைப் பழிப்பது நம் நோக்கமன்று. எண்வகை மெய்ப்பாட்டுள் நகையையே முதற்கண் வைத்தவர் தொல்காப்பியர். எனினும், எவரைக் காட்டி நகைக்கின்றோம் என்பதை எண்ணிப் பார்த்தல் நம் கடன்.

இத்தனியாள் நகைப்புக்கு இரண்டே கருவிகள்: ஒன்று அச்சுவார்ப்பு, மற்றொன்று மொழி. இன்ன ஊரான் கருமி, இன்ன தொழிலான் மடையன் என அவையோர் நெஞ்சில் முன்பே வார்த்து வைத்த அச்சு ஒன்றுண்டு. நகைப்பாளர் அதனைப் புதிதாய்ப் படைக்க வேண்டுவதில்லை. ஓர் இழுப்பு, ஓர் ஒலிப்பு, ஒரு சொல் போதும். அவ்வச்சு முழு ஆளாய் எழுந்து நிற்கும். எண்ணுமுன்னே சிரிப்பு வந்துவிடும்.

இது புதிதன்று. மெய்ப்பாட்டியல் உரையில் இளம்பூரணர் காட்டும் செயிற்றிய நூற்பா, நகை பிறக்கும் இடங்களை அடுக்குகின்றது. முடவர் நடை, பித்தர் பிதற்றல், குழவி மழலை, கல்லாதார் காட்டும் கல்வி என வரும் அவ்வடுக்கில் ஆரியர் பேசும் தமிழும் ஒன்று. அதிலுள்ள அனைத்தும் கொள்ளத்தக்கன என்று யாம் சொல்லோம். முடவரை நகைத்தல் அன்றும் அறமன்று, இன்றும் அறமன்று. ஆயினும் ஒன்று காண்க: அந்நாளில் தமிழைச் சிதைத்துப் பேசியவன் நகைக்கப்பட்டான், இந்நாளிலோ தமிழைத் திருத்தமாகப் பேசுபவன் நகைக்கப்படுகின்றான்!

1941-இல் வந்த 'சபாபதி' திரைப்படத்திலேயே தமிழாசிரியர் மாணவனிடம் படும் பாடு நகைப்பொருளாயிற்று. 2000-இல் வந்த 'தெனாலி'யில், எதற்கும் அஞ்சி நடுங்கும் ஈழத்தமிழன் ஒருவனின் அச்சமும் அவன் பேச்சும் நகைப்பொருளாயின. போரால் நொந்த இனத்தின் மொழி நமக்குச் சிரிப்பாயிற்று!

சில ஆண்டுகட்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, எனக்கு ஓர் ஐயம்" என்றான். பின்வரிசையிலிருந்து ஒருவன் மேடை நகைப்பாளர் போலக் குரலை இழுத்து அதனைத் திருப்பிச் சொன்னான். வகுப்பே சிரித்தது. எழுந்தவன் தன் ஐயத்தைக் கேளாமலே அமர்ந்துவிட்டான். மறுநாள் எழுந்து, "சார், டவுட்டு" என்றான். எவரும் சிரிக்கவில்லை. அன்று யான் பட்ட துயர் சிறிதன்று.

"நும்மை நகைத்தால் பொறுக்க மாட்டீரோ?" என்பர். பொறுப்போம். எம் நடையையும் உடையையும் மறதியையும் நகைக்கட்டும். ஆனால் தாய்மொழியைப் பேச ஒரு சிறுவனை நாணச் செய்யும் நகையைப் பொறோம்.

நகைக்கு நல்வழி காட்டியவரும் நம்மிடை உண்டு. 1949-இல் வந்த 'நல்லதம்பி'யில் கலைவாணர் என்.எசு. கிருட்டிணன் பாடிய 'கிந்தனார்' கதையை நினைக. தனியொருவர் நின்று கதை சொல்லும் பழைய வடிவையே கைக்கொண்டார். தாழ்த்தப்பட்ட சிறுவன் கல்வியால் உயர்வதைப் பாடினார். அவர் நகைத்தது ஒடுக்கியவன் செருக்கை, ஒடுக்கப்பட்டவன் பேச்சையன்று.

மேடையேறும் இளைஞர்களே, நகையுங்கள், நன்றாக நகையுங்கள். வலியவன் செருக்கும் போலியன் பகட்டும் உங்கள் முன் மலையெனக் குவிந்து கிடக்கின்றன. அவற்றை விடுத்து, எளியவன் நாவில் எஞ்சியிருக்கும் தமிழை எள்ளாதீர். அவையிலிருக்கும் தமிழ்மக்களே, அத்தகைய நகைக்குக் கைதட்டாதீர். கைதட்டல் நின்றால் அந்நகையும் தானே நிற்கும்.