திரைதோறும் ஒரு நிறமா?

கணினித் திரையிற் காணும் நிறம் காண்பவர் கண்ணைப் பொறுத்தது. ஆதலால் ஒரே படம் ஒருவர் திரையில் ஒருவிதமாகவும் மற்றவர் திரையில் வேறுவிதமாகவும் தோன்றுதல் இயல்பே என அமைதி காண்போர் கலைத்துறையிற் பலர் உளர். தத்துவப் போர்வை போர்த்து வரினும் இது சோம்பல் வாதமேயன்றி வேறில்லை.

2009இல் மக் ஓ.எஸ். எக்ஸ் 10.6 பதிப்பு வெளிவரும்வரை அப்பிள் கணினிகள் 1.8 என்ற காமா அளவையும், விண்டோஸ் கணினிகள் ஏறத்தாழ 2.2 என்ற அளவையும் கொண்டு இயங்கின. விளைவு யாது? நிறவிவரம் இணைக்கப்படாத ஒரே கோப்பு முன்னதில் வெளிறியும் பின்னதில் இருண்டும் தோன்றிற்று. இரண்டையும் பார்த்த கண் ஒன்றே. இவ்வேறுபாட்டைக் கண்ணின் தலையிற் சுமத்துவது எங்ஙனம் பொருந்தும்?

உண்மையில் படக் கோப்பினுள் நிறம் என்பதே இல்லை, எண்களே உள்ளன. சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0 என்ற கட்டளைக்கு ஒவ்வொரு திரையும் தன்னிடமுள்ள உச்சச் சிவப்பைக் காட்டும். எந்தச் சிவப்பு என்பதைக் கூறாது எண்ணை மட்டும் அனுப்புதல், துணி வாங்கச் செல்பவனிடம் பன்னிரண்டு என்று கூறி, முழமா சாணா என்பதைக் கூறாது விடுவதை ஒக்கும்.

இக்குறையை நீக்கவே ஐ.சி.சி. என்னும் சர்வதேச நிற அமைப்பு 1993இல் தோன்றியது. 1996இல் ஹியூலற் பக்கார்ட், மைக்ரோசொப்ட் நிறுவனங்கள் முன்வைத்த எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளி 1999இல் சர்வதேச நியமமாயிற்று. அதனினும் விரிந்த அடோபி ஆர்.ஜி.பி. 1998இல் வந்தது. இவ்விரிந்த வெளியில் எழுதப்பட்ட கோப்பிலிருந்து அதன் நிறவிவரத்தைக் களைந்து அனுப்பினால், பெறுபவரின் மென்பொருள் அவ்வெண்களை எஸ்.ஆர்.ஜி.பி. எனவே கொள்ளும், பசுமை வாடிவிடும்.

இதனாற் குடி முழுகிவிடுமா என்று கேட்போர் நெதர்லாந்தின் றைக்ஸ் அருங்காட்சியகத்தை நோக்குவாராக. 1660ஆம் ஆண்டளவில் வெர்மீர் தீட்டிய பால் ஊற்றும் பணிப்பெண்ணின் ஓவியம் இணையத்திலே 10,000இற்கும் மேற்பட்ட பிரதிகளாகப் பரவியிருந்தது. பெரும்பாலானவை மஞ்சள் படிந்த தரங்குறைந்த படங்கள். அவற்றையே கண்டு பழகியோர், அருங்காட்சியகம் விற்ற தபாலட்டையை மூல ஓவியத்தின் படமென நம்ப மறுத்தனர். 2011இல் யூரோப்பியானா வெளியிட்ட அறிக்கையொன்று இதனைப் பதிவுசெய்துள்ளது. அம்மஞ்சளுக்குக் காரணம் மோசமான வருடலாயினும் நிறவிவரமற்ற கோப்பாயினும், பொய்ப்பிரதி மெய்ப்பிரதியின் மீதே ஐயத்தை விளைவித்தது. திரையிலே ஓவியம் பயின்று, வெர்மீரின் மஞ்சளிலே துயரத்தைக் கண்டு கட்டுரை வரையும் மாணவன் எம்மஞ்சளைப் பற்றி எழுதுகின்றான்?

விலையுயர்ந்த திரை வாங்க வசதியில்லை என்பது அடுத்த சமாதானம். வசதிக்கும் இதற்கும் அதிகத் தொடர்பில்லை. யார் திரைக்குச் செல்லும் எனத் தெரியாத படத்தை எஸ்.ஆர்.ஜி.பி.யாக மாற்றி, நிறவிவரத்தை இணைத்து அனுப்புவதற்குச் செலவு ஏதுமில்லை. பெறுபவர் இரவுநேர மஞ்சளொளியை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். திணைக்களமொன்று அளவீட்டுக் கருவியொன்றை வாங்கித் தன் திரைகள் யாவற்றையும் முறைப்படுத்தலாம். முழு ஒருமை அப்பொழுதும் கிட்டாது, மெய்தான். எனினும் எஞ்சும் வேறுபாடு அற்பமானது. பரவலாக வழங்கும் எஸ்.ஆர்.ஜி.பி. நிறவிவரமொன்றின் பருமன் 3,144 பைற்றுகள். பல மெகாபைற்றுப் படத்திலிருந்து இதனைச் சிக்கனமென்று வெட்டியெறிபவரே, பின்னர் நிறம் காண்பவர் கண்ணைப் பொறுத்தது என்று போதிக்கவும் வருகின்றனர்.