ஸ்டென்ட் விலையும் ஆஸ்பத்திரி பில்லும்

கத்தரிக்காய்க்கு ஒரு ரூபாய் பேரம் பேசுகிற நாம், ஆஸ்பத்திரி பில்லை மட்டும் படிக்காமலே மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறோம். உயிர் பிழைத்ததே பெரிசு, கணக்கு என்ன வேண்டிக்கிடக்கு என்ற நினைப்புதான்.

இருதய ரத்தக்குழாயில் அடைப்பு வந்தால் உள்ளே வைக்கிறார்களே, பேனா ஸ்பிரிங் மாதிரி ஒரு சின்னக் கம்பிவலை, அதுதான் ஸ்டென்ட். மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று முன்பெல்லாம் சராசரியாக 1,20,000 ரூபாய்! டில்லி வக்கீல் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். 2016-ல் ஸ்டென்டை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தார்கள். 2017 பிப்ரவரியில் உச்சவிலை வைத்தார்கள்: மருந்து பூசியது 29,600 ரூபாய், பூசாதது 7,260. வரி தனி. வருஷா வருஷம் இது கொஞ்சம் மாறும். இதற்கு ஆதாரம் எது தெரியுமோ? நம் மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் உள்ள 1955-ம் வருஷத்து அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம்தான்!

அந்த உத்தரவில் இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டென்டின் விலை, பெயர், கம்பெனி, பேட்ச் நம்பர் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி பில்லில் தனியாகக் காட்ட வேண்டும். போன வருஷம் என் அத்திம்பேருக்கு வைத்தபோது, பில்லில் 'பேக்கேஜ்' என்று ஒரே வரி. அக்கா பிரித்துக் கேட்டாள். "எல்லாம் அதுலயே அடங்கும்மா" என்றார் கவுண்டர்காரர். "அடங்கட்டும்ப்பா, எவ்வளவு அடங்குதுன்னு எழுதிக் கொடு" என்று இவள் நகரவில்லை. எழுதி வந்ததில் இரண்டு ஸ்டென்ட்! டிஸ்சார்ஜ் சம்மரியிலோ ஒன்றுதான்; கேஸ் ஷீட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரும் ஒன்றுதான். மறுபேச்சில்லாமல் பணத்தைத் திருப்பினார்கள்.

ஆனால் இந்த உத்தரவு ஸ்டென்ட் விலையோடு சரி. ரூம் வாடகை, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் செலவு எதையும் தொடாது. இங்கே விட்டதை அங்கே பிடிக்கிறார்கள் என்ற புகார் அப்போதே வந்தது. எனக்கும் இது அரைக் கதவு பூட்டின கதையாகத்தான் படுகிறது. அதனால் சேர்க்கும்போதே மொத்த எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். ஸ்டென்டுக்கு உச்சவிலையை மீறி வாங்கினால் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்துக்குப் புகார் எழுதலாம். பில் நகல் கட்டாயம் வேண்டும்.

முழங்கால் மாற்றும் உபகரணத்துக்கும் 2017 ஆகஸ்டில் உச்சவிலை வந்தது. மாமியாருக்கு ஆபரேஷன் தேதி குறித்திருப்பவர்கள், இன்றைய உச்சவிலையை முதலிலேயே விசாரித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.