பெரியது பொல்லாததா?

கருந்துளை என்றதும் நமக்கு என்ன தோன்றுகிறது? ஆகாயத்தில் ஒரு ராட்சசன் வாயைத் திறந்து கொண்டு காத்திருக்கிறான், எதிர்ப்பட்டதையெல்லாம் விழுங்கி விடுவான் என்றுதானே? அப்படியானால் பெரிய கருந்துளை இன்னும் பொல்லாததாக அல்லவா இருக்க வேண்டும்? சங்கதி அப்படியில்லை, அம்மணி!

சின்னக் கருந்துளை ஒரு நட்சத்திரத்தின் மரணத்தில் பிறப்பது. பெரும் நட்சத்திரம் எரிந்து தீர்ந்ததும், தன் பாரம் தாங்காமல் தனக்குள்ளேயே இடிந்து விழுகிறது. 10 சூரியன்களின் எடை, 60 கிலோமீட்டர் அகலத்துக்குள் ஒடுங்கி விடுகிறது!

பெரியதோ, நட்சத்திரக் கூட்டத்தின் நட்டநடுவில் வீற்றிருக்கிறது. நம் பால்வீதியின் நடுவில் இருப்பது சுமார் 43 லட்சம் சூரியன்களின் எடை. 2019-ல் முதன் முதலாகப் படம் வெளியிடப்பட்ட எம்-87 மண்டலத்துக் கருந்துளையோ 650 கோடி சூரியன்!

இங்கேதான் வேடிக்கை. கருந்துளையின் எடை இரு மடங்கானால் அகலமும் இரு மடங்காகிறது; உள்ளே இருக்கும் இடமோ எட்டு மடங்காகி விடுகிறது. எம்-87 கருந்துளையின் எடையை அதன் எல்லைக்குள் சமமாகப் பரப்பிப் பார்த்தால், நாம் சுவாசிக்கும் காற்றை விட லேசு! சின்னதை நெருங்கினால் காலை இழுக்கும் வேகம் தலையை இழுக்கும் வேகத்தைவிட மிக அதிகம். ஆளை இடியாப்பமாகப் பிழிந்து விடும். பெரியதன் வாசற்படியைத் தாண்டுகிறவருக்கு, தாண்டியதே தெரியாது. ஆனால் திரும்பி வர வழி கிடையாது.

கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் கண்டார்கள்? அமெரிக்கப் பெண்மணி ஆண்ட்ரியா கெஸ், 1995 முதல் ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கியில் பால்வீதி நடுவிலுள்ள நட்சத்திரங்களைக் கவனித்து வந்தார். அவற்றில் ஒன்று வெறும் இருட்டைச் சுற்றி வருவது தெரிந்தது. ஒரு சுற்றுக்கு 16 வருஷம்! தொட்டில் குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம். ஜெர்மனியின் ரைன்ஹார்ட் கென்சல் குழுவினரும் தனியே பார்த்து அதே முடிவுக்கு வந்தார்கள். 2020-ல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பௌதிகத்துக்காக அதைப் பெற்ற 4-வது பெண்மணி கெஸ்.

இவ்வளவு பெரியவை எப்படி உண்டாயின? பிரபஞ்சம் இளமையாக இருந்தபோதே இவை பெருத்திருந்ததை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காட்டியிருக்கிறது. சின்னவை சேர்ந்து வளர்ந்தனவா, பிறக்கும்போதே பெருத்துப் பிறந்தனவா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள்.

நாம் அஞ்ச வேண்டியதில்லை. நம் வீட்டு ராட்சசன் சுமார் 26,000 ஒளி வருஷத் தொலைவில் இருக்கிறான். அவன் ஜாதகத்தைக் கணித்தவர்களுக்கு வேண்டியிருந்தது பொறுமை ஒன்றுதான். அது நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதா என்ன?