அறுபது யூனிற்றும் சித்திரை வெக்கையும்

"ஃபானை நிப்பாட்டுங்கோ, கறண்டை மிச்சம் பிடியுங்கோ." வெயில் காலம் வந்தால் எங்களுக்குக் கிடைக்கிற அறிவுரை இதுதான்.

கணக்குப் பார்ப்போம். 75 வாற்ஸ் ஃபான் ஒன்று இரவில் 10 மணித்தியாலம் சுற்றினால் மாதம் 22 யூனிற்றுக்கு மேல். இரண்டு அறை என்றால் 45. பிரிட்ஜ், கிணத்து மோட்டர், விடிய எழும்பி அயன் பண்ணுற பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை எல்லாம் இனித்தான் சேரவேணும். 60ஐத் தாண்டினால் கட்டண முறையே மாறிவிடும். முதல் யூனிற்றிலிருந்தே கூடின விலை. மார்கழிக்கும் அதே 60, சித்திரைக்கும் அதே 60. மரநிழல் வீட்டுக்கும், வாடகைக்கு எடுத்த தகரக் கூரை வீட்டுக்கும் அதே 60.

2025 புத்தாண்டு விடுமுறையில் பாவனை குறைந்துவிட்டது என்று, கூரைச் சூரிய மின்சாரத்தைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொன்னது இலங்கை மின்சார சபை. பகலில் மிஞ்சுது, இரவில் எங்களைச் சிக்கனம் பிடிக்கச் சொல்லுது! மிஞ்சுறதைச் சேமிக்க பற்றரி அமைக்கிறது ஆற்றை வேலை? ஃபானை நிப்பாட்டிப்போட்டு விசிறியோட இருக்கிற அம்மாவின்ரை வேலையோ?

சிக்கனம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லேல்லை. ஆளில்லாத அறையில் லைற் எரியத் தேவையில்லை. ஆனால் நித்திரை கொள்ளுறது ஆடம்பரமில்லை. வெக்கை மாதங்களில் அந்த 60ஐ உயர்த்துங்கோ. பிறகு வந்து அறிவுரை சொல்லுங்கோ.