கிழங்கில் அல்ல, கீரையில் இருக்கிறது கணக்கு

“படிப்பு முடிந்ததும் விவசாயம் செய்யப்போகிறேன்,” என்று சென்ற ஆண்டு வீட்டில் சொன்னேன். அப்பா சிரித்தார். பாட்டி மட்டும், “என்ன போடப் போற?” என்று கேட்டார். சர்க்கரைவள்ளி என்றதும் அவர் முகம் சுருங்கியது.

சிறு நிலத்தில் சர்க்கரைவள்ளி பயிரிட்டால் கைநிறைய லாபம் என்று கூறும் காணொளிகளைப் பார்த்துதான் எனக்கு அந்த ஆசை வந்தது. விதை தேவையில்லை, கொடித்துண்டு போதும். மூன்று, நான்கு மாதங்களில் அறுவடை. ஆனால், அவர்களிடம் ஏக்கர் கணக்கில் நிலம் இருக்கிறது. நம்மிடம் இருக்கிறதா?

எனக்குக் கிடைத்தது, தேசியப் பூங்காக் கழகத் திட்டத்தில் அம்மா பெயரில் எடுத்த தோட்டப் பாத்தி. நீளம் 2.5 மீட்டர், அகலம் ஒரு மீட்டர். ஆண்டு வாடகை 57 வெள்ளி, பொருள் சேவை வரி தனி. விற்பதற்காக அல்ல, கணக்குப் பார்ப்பதற்காகவே அதில் கொடி நட்டேன்.

நான்கு மாதங்கள் கழித்துத் தோண்டியபோது மூன்று கிலோ கிழங்கு கிடைத்தது. அன்று தேக்கா சந்தையில் கிலோ 3 வெள்ளி. ஆக, என் உழைப்பின் மதிப்பு 9 வெள்ளி! அப்பா மறுபடியும் சிரித்தார்.

அடுத்த முறை கிழங்கை மறந்து, பத்து நாள்களுக்கு ஒருமுறை கொழுந்துகளைக் கிள்ளினேன். கீரையை அடிக்கடி பறித்தால் கிழங்கு பெருக்காது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே நான்கு மாதங்களில் 16 கட்டுக் கீரை. கட்டு 1.50 வெள்ளி என்றால் 24 வெள்ளி.

காரணம் எளிது. கிழங்கு பல வாரங்கள் கெடாது; நிலமும் கூலியும் மலிவான நாட்டிலிருந்து சாவகாசமாக வந்து சேரலாம். கீரையோ ஒரே நாளில் வாடிவிடும். விலையில் வெல்ல முடியாத உள்ளூர்ப் பண்ணை, புத்துணர்ச்சியில் வெல்லலாம்.

ஆனாலும், இத்தகைய 100 பாத்திகள் இருந்தாலும் செலவு போக மாதம் 600 வெள்ளிகூடத் தேறாது. அப்பாவின் சிரிப்பிலும் நியாயம் உண்டு. அண்மை ஆண்டுகளில் சில உள்ளரங்கப் பண்ணைகள் மூடப்பட்டன. 2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே உற்பத்தி செய்யும் இலக்கு 2019ல் அறிவிக்கப்பட்டது. 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக 2035க்கான புதிய இலக்குகள் வந்தன. தொழில்நுட்பம் மட்டும் பண்ணையைக் காப்பாற்றாது, வாங்குவோரும் வேண்டும்.

வாங்குவோர் யார்? சீனர் வீடுகளிலும் மலாய்க்காரர் வீடுகளிலும் இந்தக் கீரையைச் சமைக்கிறார்கள். நம் வீடுகளில் முருங்கைக்கும் பொன்னாங்கண்ணிக்கும் இருக்கும் மரியாதை இதற்கு இல்லை. ஏன் என்று பாட்டியிடம் கேட்டேன். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல், அவருடைய அம்மா மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் அவித்துத்தான் பிள்ளைகளை வளர்த்தாராம். இலையையும் விடவில்லையாம். “அது பஞ்ச காலத்துச் சாப்பாடு,” என்றார்.

அந்தப் பஞ்சம் நமக்குக் கதை. ஆனால், நம் உணவில் 90 விழுக்காட்டிற்கும் மேல் இன்றும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, கோழிச் சோற்றுக் கடைகள் பட்ட பாட்டை நாமே பார்த்தோம்.

விவசாயம் செய்ய நினைக்கும் இளையர்களே, கடன் வாங்கும் முன் ஒரு பாத்தியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மற்றவர்கள், வாரம் ஒருமுறையாவது உள்ளூர்க் கீரையோ முட்டையோ வாங்குங்கள். சில காசுகள் கூடுதலாக இருக்கலாம். பண்ணைகள் மூடப்பட்ட பிறகு வருந்திப் பயனில்லை.

சென்ற வாரம் பாட்டி அந்தக் கீரையில் தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்தார். முதலில் தட்டை நீட்டியவர் அப்பா.