நீர்க்கோட்டுக்குக் கீழே

கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி எழுத வந்தவர்கள் படகைப் பற்றி எழுதினால் அது நகைப்புக்கு இடமாகலாம். கடல் இல்லாத நிலம் இது. ஓடம் விடுமளவுக்கு முல்லையாற்றில் தண்ணீர் ஓடுவதும் இல்லை. ஆயினும் 1895இல் பென்னிகுயிக்கின் அணை கட்டி முடிக்கப்பட்ட நாள் முதல், இப்பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு வரும் நீர் தேக்கடிப் படகுத்துறைக்கு அருகிலுள்ள தலைமதகில் நுழைந்து, மலையைக் குடைந்த வழியாக லோயர் கேம்ப் பக்கம் இறங்குகிறது. அந்த அணையைப் பார்வையிடச் செல்லும் நமது பொறியாளர்களும் பெரும்பாலும் படகில்தான் போகிறார்கள். படகு நமக்கு அந்நியமான பொருள் என்று சொல்லிவிட இயலாது. அதைப் பற்றிய அக்கறைதான் நமக்கு அந்நியம்.

இப்போது இதை எழுத வேண்டிய அவசியம் என்ன? பயன்படுத்திய உல்லாச மோட்டார் படகுகளை வாங்கிப் புதுப்பித்துச் சுற்றுலாவுக்கு விடுவது தென்னாட்டின் நீர்நிலைகள் நெடுகிலும் ஒரு தொழிலாகிவிட்டது. வாங்கியவர்கள் முதலில் செய்யும் செலவுகளைக் கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். முதலில் வண்ணம். பிறகு இருக்கைகளுக்கு ரெக்சின் உறை. அடுத்து ஒலிபெருக்கி, வண்ண விளக்குகள். கையில் இன்னும் பணம் இருந்தால் மேலே ஒரு தளம், அதற்கு ஒரு கூரை, ஏறிச்செல்ல ஏணி. இவை அத்தனையும் நீர்க்கோட்டுக்கு மேலே நடப்பவை. ஒரு படகு மூழ்குவதற்கான காரணங்களோ பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன, அல்லது மேலே செய்த வேலை கீழே என்ன செய்யும் என்று யோசிக்காததில் இருக்கின்றன.

இந்த மனப்பான்மை எங்கிருந்து வந்தது என்று நாம் தேடிப்போக வேண்டியதில்லை. நமது ஜீப்புகளைப் பார்த்தால் போதும். கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளிகளை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள், உலகில் வேறெங்கும் இவ்வளவு காலம் உயிரோடு இருந்திருக்குமா என்பது சந்தேகமே. நம் ஊர்ப் பட்டறைக்காரர்களின் திறமை அது. அதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அதே பட்டறைதான் பின்புறம் ஒரு பலகையை நீட்டி, மேலே கம்பி அடித்து, எட்டுப்பேர் வண்டியில் இருமடங்கு ஆட்களை ஏற்றும் வழியையும் கற்றுக்கொடுத்தது. தரையில் இந்தக் கணக்கு ஏதோ ஒரு வகையில் ஓடிவிடுகிறது. பட்டை தேய்ந்தால் வண்டி நிற்கும். இறங்கிக் கல் வைத்துக்கொள்ளலாம். நீரில் இறங்கி நிற்க இடமில்லை.

2023 மே 7 அன்று மாலை, மலப்புறம் மாவட்டம் தானூர் தூவல்தீரத்தில் ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். மீன்பிடிப் படகொன்றை இரண்டடுக்குச் சுற்றுலாப் படகாக மாற்றி ஓட்டினார்கள் என்பதும், தாங்கக்கூடியதற்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள் என்பதும் பின்னர் வெளிவந்த செய்திகள். பழைய படகை மேம்படுத்துதல் என்னும் சொற்றொடரின் மிகக் கொடிய பொருளை அங்கே பார்த்தோம். மீன்பிடிப் படகு மோசமான படகா? இல்லை. அது செய்யப்பட்ட வேலைக்கு அது நல்ல படகு. அதில் எடை அடியில் கிடக்கும். ஐஸும் மீனும் வலையும் கீழே இருக்கும். அந்த உடலின் மீது மனிதர்களை இரண்டடுக்காக அடுக்கிய கணமே அது வேறொரு படகாகிவிட்டது.

அதற்கு முன்பே, நமக்கு மிக அருகில், ஒரு பாடம் நடந்திருந்தது. 2009 செப்டம்பர் 30 அன்று பெரியாறு ஏரியில் மணக்கவலையில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அது பழைய படகு அன்று. நீரில் இறங்கி இரண்டு மாதம்கூட நிறையாத இரண்டடுக்கு ஃபைபர் படகு. கரையில் தென்பட்ட விலங்குகளைக் காண மேல்தளத்தில் இருந்தவர்கள் ஒரு பக்கமாக நகர்ந்ததும் படகு சரிந்தது. அளவுக்கு மீறிய ஆட்கள், உயிர்காக்கும் சட்டை அணியாத பயணிகள், படகின் அமைப்பிலேயே இருந்த குறை எனக் காரணங்கள் பேசப்பட்டன. நீதிபதி மொய்தீன் குஞ்ஞு ஆணையமும் விசாரித்தது. காட்டெருமையைக் கண்டால் மனிதர்கள் எழுந்து நிற்பார்கள். எழுந்து நிற்கத்தானே அவர்கள் கட்டணம் செலுத்தி வருகிறார்கள்? எழுந்து நின்றதைப் பயணிகளின் குற்றமாகப் பேசுவதை நாம் ஏற்க இயலாது. விலங்கு பார்க்கும் ஏரியில் ஓடும் படகு, எல்லாரும் ஒரு பக்கம் போய் நிற்பார்கள் என்ற அனுமானத்தில்தான் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

இதன் இயற்பியல் எளிது. படகின் மொத்த எடையும் ஒரு புள்ளி வழியாகக் கீழே இழுக்கிறது. நீர் அதை வேறொரு புள்ளி வழியாக மேலே தள்ளுகிறது. படகு சாயும்போது நீர் தள்ளும் புள்ளி சாய்ந்த பக்கம் நகர்ந்து, படகைத் திரும்ப நிமிர்த்துகிறது. எடையின் புள்ளி மேலே ஏற ஏற, நிமிர்த்தும் வலு குறைகிறது. ஓர் எல்லையைத் தாண்டினால் அதே எடை படகைக் கவிழ்க்கத் தொடங்குகிறது. மேல்தளம், கூரை, அதன்மேல் தண்ணீர்த் தொட்டி, அத்தளத்தில் நிற்கும் முப்பது பேர் எல்லாம் அந்தப் புள்ளியை உயர்த்துபவை. இதில் ஒரு விபரீதம் உண்டு. நிலைப்பு மிகுந்த படகு வெடுக்வெடுக்கென்று ஆடும், பயணிகளுக்குப் பிடிக்காது. நிலைப்பு குறைந்த படகு தொட்டில்போல மெதுவாகச் சாய்ந்து மெதுவாகத் திரும்பும். சுகமாக இருக்கிறதே என்று நாம் மெச்சுவது இரண்டாவதைத்தான்.

கீழே தேங்கும் நீரையும் இத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். படகோட்டிகள் பில்ஜ் என்று சொல்லும் அந்த அடிக்குழியில் ஒரு சாண் நீர் இருந்தாலும், படகு சாயும்போது அதுவும் சாய்ந்த பக்கமே ஓடும். எதிரிக்கு உதவும் எடை அது. ஆகவே பழைய படகை வாங்கியவர் முதலில் செலவிட வேண்டியது அக்குழியில்தான்: மிதவை விசையோடு தானே இயங்கும் ஒரு பம்பு, அது பழுதானால் கையால் இறைக்க இன்னொன்று, நீர் ஏறியதைச் சொல்லும் ஒரு மணி. மூன்றும் சேர்ந்து ஒலிபெருக்கியின் விலையைத் தாண்டாது.

நீர் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. படகைக் கரையேற்றாமல் இதற்கு விடை கிடைக்காது. கரையேற்றியபின் ஒரு மரச்சுத்தியலால் அடிப்பாகம் முழுவதையும் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்ற ஒலி வரும்வரை ஃபைபர் திடமாக இருக்கிறது. தேங்காய் அழுகியது போன்ற மந்தமான ஒலி வந்தால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. கொப்புளங்கள் தெரிந்தால் நீர் உள்ளே ஊறியிருக்கிறது. உடலைத் துளைத்துச் செல்லும் ஒவ்வொரு குழாயின் வாயிலும் உள்ள அடைப்பான் கையால் திருகினால் திரும்ப வேண்டும். பல பழைய படகுகளில் அது துருவேறி ஒரே நிலையில் உறைந்திருக்கும். சுழல்தண்டு உடலைவிட்டு வெளியேறும் இடத்தில் பழைய முறைப்படி கயிறு திணித்திருந்தால், ஓடும்போது சொட்டுச் சொட்டாக நீர் வருவது இயல்பே. சொட்டே வராமல் இறுக்கிவிட்டால் தண்டு சூடேறித் தேயும். ஒழுகாமல் இருப்பதுதான் நலம் என்ற நமது பொதுப்புத்தி அங்கே செல்லாது.

பெரியாறு ஏரிக்கென்று தனியான ஆபத்துகளும் உண்டு. அணையின் நீரில் மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் நூற்றாண்டு கடந்தும் அங்கே நிற்கின்றன. நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் அவை ஓவியம்போல் வெளியே தெரிகின்றன. ஓவியக்காரர்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் அவை பிரியமானவை. நீர்மட்டம் சற்றே ஏறி, அவற்றின் நுனிகள் ஓரடி ஆழத்தில் மறையும் மாதங்கள்தாம் படகுக்குக் கேடானவை. விசிறியின் ஓர் இலை கட்டையில் மோதி வளைந்தால் அதிர்வு தொடங்கும். அதிர்வு தண்டின் தாங்கியைத் தின்னும். தாங்கி தேய்ந்தால் ஒழுகல் கூடும். ஓட்டுநர் இதைக் காலின் கீழே உணர்வார். அவர் சொல்வதைக் கேட்க ஒருவர் கரையில் இருந்தால் நல்லது.

இன்னொன்று: படகின் உலோகப் பாகங்கள் அரிக்காமலிருக்க, தான் அரிபட்டு மற்றவற்றைக் காக்கும் உலோகக் கட்டி ஒன்றைப் பொருத்துவார்கள். கடலில் அது துத்தநாகம். நன்னீரில் துத்தநாகம் சரியாக வேலை செய்யாது, மக்னீசியம் வேண்டும். கடற்கரையில் ஓடிய படகை மலை ஏரிக்குக் கொண்டுவருபவர்கள் இதை மாற்ற மறந்துவிடுகிறார்கள். கட்டி தேயாமல் அப்படியே இருப்பதைக் கண்டு மகிழ்ந்துகொண்டிருக்கும்போது விசிறி அரிபட்டுக்கொண்டிருக்கும்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவின் சிறு படகுகள் பலவற்றில் ஓடுவது லாரி எஞ்சினின் உறவுக்கார டீசல் எஞ்சின்தான். தேனி, கம்பம் மெக்கானிக்குகளுக்கு அதன் குடல் வரை தெரியும். தெரியாதது அதன் குளிரூட்டல். லாரியில் காற்று செய்வதை இங்கே ஏரி நீர் செய்கிறது. அந்த நீரை இழுக்கும் பம்பினுள் ரப்பர் இதழ்கள் கொண்ட ஒரு சக்கரம் உண்டு. ஆண்டுக்கொருமுறை அதை மாற்றிவிட வேண்டும். கிழிந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கும். எஞ்சின் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் கலந்துவிட்டது என்பதை அவர்கள் நமக்குச் சொல்லித் தருவார்கள்.

ஓடாத படகின் கதை இன்னும் மோசம். அணைக்குச் செல்ல நமது பொதுப்பணித் துறையிடம் ‘கண்ணகி’ என்றொரு பழைய படகு இருந்தது. ஏரிக்கு மேலே மலைமுகட்டில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருப்பதால் பெயர்ப் பொருத்தம் சிறப்புத்தான். அதன்பின் ‘தமிழ் அன்னை’ என்ற படகு வாங்கப்பட்டது. கேரளத் தரப்பின் அனுமதி கிடைக்காமல் அது பல ஆண்டுகள் ஓடாமல் தேக்கடியில் கிடந்தது. இதை உரிமைப் பிரச்சனையாக நாம் பேசினோம். அது உரிமைப் பிரச்சனைதான். ஆனால் நிறுத்திவைத்த படகுக்குள் நடப்பதை யாரும் பேசவில்லை. மின்கலம் செத்துப்போகும். டீசல் தொட்டியில் ஈரம் சேர்ந்து பாசிபோன்ற கசடு வளரும். ரப்பர் இதழ்கள் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். மழைநீர் மேலிருந்து அடிக்குழிக்கு இறங்கும். 142 அடி என்று சுவரெழுத்து எழுதியவர்களில் ஒருவராவது, மாதமொருமுறை அந்த எஞ்சினை இயக்கிப் பார்க்கும் ஊழியருக்கு அனுமதியும் எண்ணெய்ச் செலவும் கேட்டிருக்கிறார்களா? அனுமதி வரும் நாளில் ஓடக்கூடிய படகு நம்மிடம் இருக்க வேண்டுமே.

இலக்கிய ஆர்வலர்களாகிய நாமும் இதில் பங்குள்ளவர்கள். நாவாய், வங்கம், அம்பி, திமில், புணை, ஓடம் என்று கலத்துக்கு நம் மொழியில் பெயருக்குப் பஞ்சமில்லை. பாயும் துடுப்பும் நிலவும் பாடப்பட்ட அளவுக்கு, அடிக்குழியில் முழங்காலிட்டு நீர் இறைப்பவன் பாடப்படவில்லை. 2004இல் வந்த ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ போன்ற நாவல்கள் கடலோரத்தின் தொழிற்சொற்களை அச்சுக்குக் கொண்டுவந்தன. மலை ஏரியின் படகோட்டிகளுக்கு அப்படி ஒரு நூல் நாம் அறிந்தவரை இல்லை. மோட்டார் படகின் உட்பகுதிகளுக்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று குமுளிக்குப் போய்க் கேட்டெழுத நம்மில் ஒருவருக்கு ஒரு வாரம் போதும்.

சட்டம் இல்லாமலில்லை. 1917ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் புதிய சட்டம் வந்தது. பதிவும் ஆய்வுச் சான்றும் அதில் உண்டு. தானூர் நடந்தது அதற்குப் பின்னர்தான் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆகவே சான்றிதழுக்காகக் காத்திராமல், மேலே ஏதேனும் ஒன்றைச் சேர்த்த எந்தப் படகுக்காரரும் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். காற்றில்லாத காலையில், கரையோரம் கயிற்றைத் தளர்த்திவிட்டு, கூரையிலிருந்து ஒரு கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் கீழே ஓர் அளவுகோலை வைக்க வேண்டும். எடை தெரிந்த நெல் மூட்டைகள் பத்தைத் தளத்தின் நடுவிலிருந்து ஒரு விளிம்புக்கு ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் குண்டு எத்தனை விரற்கடை விலகுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாளைக் கப்பல் பொறியியல் படித்த ஒருவரிடம் காட்டினால், படகின் மொத்த எடையோடு சேர்த்துக் கணக்கிட்டு, மேல்தளத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று சொல்லிவிடுவார். யாரும் நிற்கக்கூடாது என்று அவர் சொல்லவும் கூடும். அப்படியானால் ஏணியைக் கழற்றிவிட வேண்டியதுதான்.