சுவர் நின்றால் வீடாகுமா?

இந்திய அரசாங்கத்தின் நிதியுதவியோடு 2012 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலும் கிழக்கிலும் பெருமளவில் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தை நன்றியோடு நினைவுகூருகின்றோம். ஒப்பந்தகாரர் கைக்குப் போகாது, வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிற்கே பணம் தவணை தவணையாகச் சென்றமை அதன் தனிச்சிறப்பு. ஆயினும் அதன் குறையொன்றை ஆட்சியாளர் உணர்ந்தாரா?

புதிதாகக் கட்டுவோருக்கு 550,000 ரூபா. திருத்துவோருக்கு 250,000 ரூபா. எந்தப் பட்டியலில் பெயர் ஏறுகின்றதோ அதுவே ஏழையின் விதி! பட்டியல் எழுதுவோர் கண்ணுக்கு நிற்கும் சுவர் தெரியும். அதனுள் ஓடும் வெடிப்புத் தெரியுமா? ஆண்டுக்கணக்காகக் கூரையின்றி மாரி மழையில் ஊறிய சுவர் ஓட்டுப் பாரத்தைத் தாங்குமா என்பதை மேசன் தட்டிப் பார்த்தே சொல்வான். வளை, சிலாகை, ஓடு வாங்கிய பின் அத்திவாரமும் ஆட்டங்கண்டதெனின், மனைவியின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போவதன்றி வேறு வழி யாது?

ஆகவே, இனி வழங்கப்படும் எத்திருத்த உதவியும் சேதத்தை அளந்தே வகுக்கப்படல் வேண்டும். வீட்டுக்காரர் முன்னிலையில் அளத்தல் வேண்டும். முதற் தவணை கூரை வேயப் போதியதாய், ஆவணிக்குள் கைக்கு வரல் வேண்டும். விதைப்பு முடிந்தபின் வரும் விதைநெல்லின் பயனைக் கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நம்மவருள் ஓய்வுபெற்ற பொறியியலாளருக்குப் பஞ்சமா? கிராமத்துக்கொருவர் அளவுநாடாவோடு முன்வந்து சேத அறிக்கை எழுதிக் கொடுப்பாராயின், பிரதேச செயலகத்தில் அப்பட்டியலை எதிர்த்துப் பேச ஏழைக்கும் ஓர் ஆதாரம் கிடைக்கும்.